மழைக்கால மாலைக்கு ஒரு பானை சூப்: புதிதாகச் சமைப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஆனாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று நாள்கள் விடாமல் பெய்யும்போது, வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். காய வைத்த துணி ஈரமாகவே தொங்கும். பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் கீழே விளையாடப் போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். தாத்தா பாட்டி மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்வையைத் தேடுவார்கள். அப்படிப்பட்ட மாலைகளில் ஒரு பானை சூப் இருந்தால் வீடு முழுவதும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடும். இந்தக் கட்டுரை, இதுவரை சூப் வைத்துப் பழகாதவர்களுக்காக, குறிப்பாகப் புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களுக்காகவும் வேலைக்கென்று இங்கு வந்து தாமே சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

தொடங்குவதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயிறு நிறையும் சூப் என்பது சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கிய சுடுநீர் அன்று. சூப்புக்கு உடம்பைக் கொடுப்பவை எலும்பும் பருப்பும் கிழங்கும். அவற்றிலிருந்து அந்த உடம்பை வெளியே கொண்டுவருவது நேரம். கடையில் விற்கும் சூப் கட்டியைப் போட்டுப் பத்து நிமிடத்தில் இறக்குவதில் உப்புச் சுவை கிடைக்கும், நாக்கில் படியும் அந்தக் கனம் கிடைக்காது. நேரம் என்றதும் பயப்பட வேண்டாம். அடுப்புதான் அந்த நேரம் முழுவதும் வேலை செய்யப்போகிறது. நாம் நிற்க வேண்டியது மொத்தத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்காது.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, அடி கனமான ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று இருந்தால் நான்கைந்து பேருக்குப் போதும். மூடியைத் தளர்வாக வைத்தால் அதுவே பானையாகவும் பயன்படும். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு நுரைத்துப் பொங்கும் என்பதால் அதற்குப் பாதி அளவே எல்லை. இவை தவிர ஒரு துளைக் கரண்டி, ஒரு பெரிய வடிகட்டி, மிளகு இடிக்க ஒரு சிறிய உரல் ஆகியவை இருந்தால் நல்லது.

சாமான் வாங்குவது

ஆட்டெலும்பு வாங்க நான் இன்றும் போவது லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா ஈரச்சந்தைக்குத்தான். பேரங்காடிகளில் உறைய வைத்த கறி பொட்டலமாகக் கிடைக்கிறது, ஆனால் எந்த இடத்து எலும்பு, எவ்வளவு கொழுப்பு என்று பார்த்துக் கேட்டு வாங்க ஈரச்சந்தையில்தான் முடியும். கடைக்காரரிடம் "சூப்புக்கு" என்று சொன்னாலே போதும், அவர் நெஞ்செலும்பும் கழுத்தெலும்பும் கலந்து வெட்டித் தருவார். அதோடு இரண்டு நல்லி எலும்புத் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் சதையாக வாங்கினால் சூப் தண்ணீராகவே நிற்கும். மூட்டும் குருத்தெலும்பும் சவ்வும் உள்ள துண்டுகளில்தான் கொலாஜன் என்னும் புரதம் மிகுதி. அது நீண்ட நேரம் ஈரச் சூட்டில் இருக்கும்போது ஜெலட்டினாகக் கரைந்து நீரில் கலக்கிறது. ஆறிய சூப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் அது கூழ்போல் உறைந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. அப்படி உறைந்திருந்தால் கெட்டுவிட்டதோ என்று ஐயப்படாமல், நன்றாக வந்திருக்கிறது என்று மகிழலாம்.

மசாலாப் பொருள்களை முழுதாக வாங்கிச் சிறிய அளவில் வைத்துக்கொள்வதே நல்லது. இந்த ஊர் ஈரப்பதத்தில் திறந்த பொடி ஒரு மாதத்தில் மணத்தை இழந்துவிடும். முழு மிளகும் மல்லியும் காற்றுப் புகாத புட்டியில் பல மாதங்கள் தாங்கும்.

ஆட்டெலும்பு சூப்

மலாய்க்காரர்கள் சூப் காம்பிங் என்று அழைப்பதும், நம் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களில் வறுத்த வெங்காயம் தூவி, வெட்டிய ரொட்டியோடு தருவதும் இதன் நெருங்கிய உறவுதான். வீட்டில் செய்யும்போது எண்ணெயையும் உப்பையும் நாமே அளந்துகொள்ளலாம் என்பது பெரிய நன்மை.

நான்கைந்து பேருக்குச் சதையோடு கூடிய எலும்பு 750 கிராம் தேவை. முதலில் எலும்பை ஒரு பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் சாம்பல் நிறத்தில் கசடு நுரைத்து மேலே வரும். இரத்தத்திலும் சதையிலும் உள்ள புரதம் சூட்டில் திரள்வதால் உண்டாகும் கசடு அது. ஐந்து நிமிடம் கொதித்தபின் அந்த நீரை முழுவதும் கொட்டிவிட்டு, எலும்புகளை ஓடும் நீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு சீன அம்மாளிடமிருந்து நான் கற்றுக்கொண்ட முறை இது. என் அம்மா இதைச் செய்ததில்லை. அவர் மஞ்சள் தூள் போட்டுக் கழுவிவிட்டு நேராகக் குக்கரில் போடுவார். இரண்டு முறையிலும் செய்து பார்த்துவிட்டேன். முதல் கொதி நீரைக் கொட்டிய சூப்பில்தான் ஆட்டு வாடை அடங்கி மசாலா மணம் தெளிவாக எழுகிறது. சத்து போய்விடுமே என்று சிலர் தயங்குவார்கள். ஐந்து நிமிடத்தில் போவது மிகக் குறைவு. பின்னால் வரப்போகும் நீண்ட கொதியில்தான் சாரம் இறங்குகிறது.

எலும்பு கழுவும் நேரத்திலேயே மசாலாவைத் தயார் செய்துவிடலாம். மல்லி ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகமும் சோம்பும் ஒவ்வொரு தேக்கரண்டி என எடுத்து, வெறும் சட்டியில் சிறு தீயில் மணம் வரும்வரை வறுத்து, ஆறியதும் உரலில் கொரகொரப்பாக இடியுங்கள். நிறம் கறுக்கும்வரை வறுத்தால் சூப் கசக்கும். சீரகம் வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுவது சரியான பதம். பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு மூன்று, ஏலக்காய் இரண்டு, அன்னாசிப்பூ ஒன்று ஆகியவற்றை இடிக்காமல் முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வாயில் கிராம்பு கடிபடும் என்றால் இவற்றை மெல்லிய வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டிப் போட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடலாம்.

குக்கரில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, முழு மசாலாவைப் போட்டு, அது பொரிந்ததும் தட்டிய சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பூண்டு ஆறு பல், ஓர் அங்குல இஞ்சி ஆகியவற்றைச் சேர்த்து வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. சூப்பின் நிறமும் அடிச்சுவையும் இந்த ஐந்தாறு நிமிடத்தில்தான் உருவாகின்றன. பிறகு எலும்பைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, கால் தேக்கரண்டி மஞ்சள் தூள், நறுக்கிய தக்காளி ஒன்று, இடித்த பொடி, கொத்தமல்லித் தழையின் வேரும் தண்டும் சேர்த்து, ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். வேரை எறியாதீர்கள்; தழையைவிட வேரில்தான் மணம் அதிகம், மண் போகக் கழுவினால் போதும்.

மூடியைப் போட்டு, முதல் விசில் வரும்வரை பெரிய தீ, அதன்பின் சிறு தீயில் 35 நிமிடம் என்பது கணக்கு. பிறகு அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக அடங்கும்வரை காத்திருங்கள். விசிலைத் தூக்கி ஆவியை வலுவில் வெளியேற்றினால், உள்ளே சூப் ஒரே மூச்சில் கொந்தளித்துக் கொழுப்பு நீரோடு கலந்து கலங்கிவிடும். குக்கர் இல்லாமல் பானையில் வைப்பவர்கள் இரண்டேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டரை மணி நேரம் விட வேண்டும். மேற்பரப்பில் ஓரிரு குமிழிகள் மட்டும் எழுந்து உடையும் அளவுக்குத் தீ இருந்தால் சூப் தெளிவாக வரும். நேரம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பானையைத்தான் தேர்ந்தெடுக்கிறேன், சுவையில் சிறு வேறுபாடு இருக்கிறது என்றே என் நாக்கு சொல்கிறது. வேலை நாளில் குக்கரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மூடியைத் திறந்தபின் சதை எலும்பிலிருந்து கழன்று வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். வெந்திருந்தால், பெரிய துண்டுகளாக வெட்டிய உருளைக்கிழங்கு இரண்டும் கேரட் ஒன்றும் போட்டு, மூடாமல் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இவற்றை முதலிலேயே எலும்போடு குக்கரில் போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, கடைசியாக உப்பு, அரைத் தேக்கரண்டி புதிதாக இடித்த மிளகு, நறுக்கிய கொத்தமல்லி, செலரித் தழை சேர்த்து இறக்குங்கள். கிண்ணத்தில் ஊற்றியபின் வறுத்த வெங்காயத்தைத் தூவி, அரை எலுமிச்சையைப் பக்கத்தில் வைத்தால் அவரவர் விருப்பப்படி பிழிந்துகொள்வார்கள். சுட்ட ரொட்டியோ இடியாப்பமோ இதற்குப் பொருத்தமான துணை. சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்தும் சாப்பிடலாம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் துணி காயும் இடம் பெரும்பாலும் சமையலறையை ஒட்டியே இருக்கிறது. மழைநாளில் ஈரத்துணி ஆட்டுவாசனையை அப்படியே குடித்துவிடும். ஆகவே அடுப்பைப் பற்றவைக்கும் முன் துணிகளை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

பருப்பும் காயும் சேர்ந்த சூப்

இந்த ஈரமான மாதங்களில்தான் தைப்பூசத்துக்கு விரதம் இருப்போர் வீடுகளில் பல வாரங்கள் சைவச் சமையலே நடக்கும். அசைவம் இல்லாவிட்டால் சூப்பில் கனம் இருக்காது என்று நினைப்பது தவறு. பருப்பு அந்தக் கனத்தை இன்னும் எளிதாகவும் மலிவாகவும் தருகிறது.

மைசூர்ப் பருப்பு அரைக் கோப்பை, அதாவது ஏறத்தாழ 100 கிராம் எடுத்துக் கழுவுங்கள். இதற்கு ஊறவைக்க வேண்டிய தேவை இல்லை. ஆறு கோப்பைத் தண்ணீரில் பருப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள் தூள், ஒரு சொட்டு எண்ணெய், நான்கு பல் பூண்டு போட்டுத் திறந்த பாத்திரத்திலேயே இருபது நிமிடம் வேகவிடுங்கள். பருப்பு குழைந்தபின்தான் நறுக்கிய தக்காளி இரண்டையும் சேர்க்க வேண்டும். புளிப்பு பருப்பை வேகவிடாமல் தடுக்கும். முதலிலேயே தக்காளியைப் போட்டுவிட்டு, ஏன் பருப்பு விதை விதையாக நிற்கிறது என்று குழம்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தக்காளியோடு பரங்கிக்காய் 200 கிராமும் கேரட் ஒன்றும் சேர்த்து, காய் மெத்தென்று ஆகும்வரை இன்னும் பதினைந்து நிமிடம் கொதிக்கட்டும்.

இப்போது பாதியை மட்டும் எடுத்து ஆறவிட்டு மிக்சியில் அரைத்து, மறுபடி பானையில் ஊற்றிக் கலக்குங்கள். மாவு எதுவும் சேர்க்காமலேயே சூப் கெட்டியாகிவிடும். அரைக்காத மீதிப் பாதியில் காய்த்துண்டுகள் இருப்பதால் மெல்லவும் ஏதோ ஒன்று கிடைக்கும். கொதிக்கக் கொதிக்க மிக்சியில் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டால் ஆவி மூடியைத் தூக்கியெறிந்து கையைச் சுட்டுவிடும் என்பதால், ஆறவிடுவதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். முருங்கைக்கீரை கிடைத்தால் ஒரு கைப்பிடி உருவிப் போட்டு நான்கு நிமிடம் கொதிக்க விடலாம். கடைசியாக ஒரு தேக்கரண்டி நெய்யில் சீரகம், இடித்த மிளகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, அடுப்பை அணைத்தபின் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள்.

இந்தச் சூப்பைக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை தோன்றும். ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்து தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய், இன்றும் முலிகட்டானி என்று அழைக்கும் சூப்பின் பெயர் நம்முடைய மிளகுத் தண்ணீர்தான். ரசம் வைக்கத் தெரிந்த எவருக்கும் சூப் அந்நியமான ஒன்றாக இருக்க நியாயமில்லை.

கோழி சூப்

கோழி சூப் இவற்றைவிட எளியது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ கோழியில் தொடை, முதுகு, கழுத்து ஆகிய எலும்புள்ள பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுச் சதை நீண்ட கொதியில் நார் நாராகிவிடும். ஆட்டெலும்புபோலவே ஒருமுறை கொதிக்க வைத்துக் கழுவியபின், இரண்டு லிட்டர் தண்ணீர், தட்டிய இஞ்சி இரண்டு அங்குலம், பூண்டு எட்டுப் பல், மிளகு ஒரு தேக்கரண்டி சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். சாதாரணக் கோழிக்கு 45 நிமிடம் போதும்; சந்தையில் கிடைக்கும் கம்போங் கோழியாக, அதாவது நாட்டுக்கோழியாக இருந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும், ஆனால் அதன் சாறு அந்தக் காத்திருப்புக்குத் தகுந்ததே. அரை மணி நேரம் ஊறவைத்த பார்லி கால் கோப்பையைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் அதுவே ஓர் உணவாகிவிடும். சீனக் குடும்பங்களின் பானையிலிருந்து நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று இனிப்புச் சோளம். கதிரை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, கடைசி இருபது நிமிடம் போட்டால், சர்க்கரை இல்லாமலேயே சூப்பில் ஓர் இயற்கையான தித்திப்பு இறங்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கிண்ணத்தில் தேடுவது அந்தச் சோளத்தைத்தான்.

உப்பு, காரம், திருத்தங்கள்

உப்பைக் கடைசியில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சூப் கொதிக்கக் கொதிக்க நீர் வற்றும், உப்பு வற்றாது. தொடக்கத்தில் சரியாக இருந்த உப்பு இரண்டு மணி நேரத்தில் கரித்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, சிங்கப்பூரர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்வதாகக் காட்டியது. பரிந்துரைக்கப்பட்ட அளவோ 2,000 மில்லிகிராம். இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் இல்லாத வீடு அரிது என்னும்போது, வீட்டுச் சூப்பில் இதை நாம் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்? நான்கைந்து பேருக்கான பானைக்கு முதலில் ஒரு தேக்கரண்டி உப்பு போட்டுச் சுவைத்துப் பாருங்கள். போதவில்லை என்று தோன்றினால் உப்பை எடுக்கும் முன் எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள். பல நேரங்களில் குறைவது உப்பு அன்று, புளிப்புதான்.

உப்பு மிஞ்சிவிட்டால் பச்சை உருளைக்கிழங்கைப் போட்டால் இழுத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். உருளைக்கிழங்கு உப்பை மட்டும் பிரித்து எடுப்பதில்லை, உப்பு நீரையே உறிஞ்சுகிறது, ஆகவே மீதியுள்ள சூப் கரித்தபடியேதான் இருக்கும். வெந்நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, உப்பில்லாமல் வேகவைத்த பருப்பையோ மசித்த கிழங்கையோ கலந்து மறுபடி கெட்டியாக்குவதே சரியான வழி. நீர்த்துப்போன சூப்புக்கும் இதே மசித்த கிழங்கு உதவும். காரம் தாங்காத சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும், கடைசி மிளகைப் போடும் முன்பே அவர்கள் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

மீதியைக் காப்பது

புதியவர்கள் அதிகம் தவறுவது சமைப்பதில் அன்று, சமைத்தபின் வைப்பதில். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, பானை நிறைய ஆட்டெலும்பு சூப்பை மூடி அடுப்பின் மேலேயே விட்டுவிட்டேன். மழை பெய்து குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்ற எண்ணம். காலையில் திறந்தபோது புளித்த வாடை வந்தது. முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. நமக்குக் குளிராகத் தோன்றும் 23 டிகிரி, நுண்ணுயிரிகளுக்கு நல்ல கதகதப்பு. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில்தான் அவை வேகமாகப் பெருகுகின்றன. சில நுண்ணுயிரிகளின் வித்துகள் கொதியையும் தாங்கி நின்று, மெதுவாக ஆறும் இறைச்சிச் சாறில் மறுபடி முளைத்துப் பெருகும். எனவே "மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் போதும்" என்ற பழைய நம்பிக்கையை நம்ப வேண்டாம். அவற்றில் சில விட்டுச்செல்லும் நச்சு கொதியிலும் அழிவதில்லை.

அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரத்துக்குள் மீதிச் சூப் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். பெரிய பானையை அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரம் பிடிக்கும், பக்கத்தில் உள்ள உணவும் சூடாகும். கழுவுதொட்டியில் குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் நிரப்பி, அதில் பானையை வைத்து இடையிடையே கிளறினால் இருபது நிமிடத்தில் சூடு பெரிதும் தணிந்துவிடும். பிறகு ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து ஊற்றி வையுங்கள். இரண்டு மூன்று நாள்களுக்குள் சாப்பிட்டுவிடலாம். மேலே படிந்து உறையும் வெள்ளைக் கொழுப்பை அப்போது தகடாகவே எடுத்துவிட முடியும்.

உறைய வைப்பதென்றால் உருளைக்கிழங்கை எடுத்துவிட்டு, சாறையும் சதையையும் மட்டும் வையுங்கள், ஏனென்றால் உறைந்து உருகிய கிழங்கு சொரசொரப்பாகிவிடும். டப்பாவின் மேல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். நீர் உறையும்போது விரியும். தேதியை எழுதி ஒட்டி, இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். வெளியே எடுக்கும்போது முந்திய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிட்டு, சாப்பிடப்போகும் அளவை மட்டும் தளதளவென்று கொதிக்கும்வரை சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைப்பதைத் தவிருங்கள்.

மறுநாள் வேலைக்கோ பள்ளிக்கோ கொடுத்தனுப்ப விரும்பினால், தெர்மாஸ் குடுவையில் முதலில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, அதைக் கொட்டியபின் கொதிக்கும் சூப்பை விளிம்புவரை நிரப்பி இறுக்கமாக மூடுங்கள். மதிய இடைவேளையில் திறக்கும்போதும் ஆவி பறக்கும்.